வெறுந்தொட்டில்: பேறுகால வீடு குறித்துச் சில குறிப்புகள்

மகளின் பேறுகாலத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது எங்கள் மதுரை வீட்டுக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. உள்ளே மரச்சட்டங்கள், திருகாணிகள், சின்ன மெத்தை. பூட்டிச் சேர்த்தால் ஆடும் தொட்டிலாகும். என் அம்மா பிரிக்க விடவில்லை. "புள்ள வர்றதுக்கு முன்னாடி தொட்டிலக் கொண்டாந்து வப்பாகளா? வெறுந்தொட்டில் ஆடுனா ஆகாதுத்தா" என்றார். "கடைசி நேரத்துல யாரு அம்மாச்சி ஓடுறது? எல்லாம் ரெடியா இருக்கணும்ல" என்றாள் மகள். இரண்டு நாள் இருவருக்கும் பேச்சு இல்லை. பெட்டி கூடத்தில் கிடந்தது. நான் அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன்.

மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் இதை முடித்துவிடலாம். பகுத்தறிவு மேடைகளுக்குக் கீழே உட்கார்ந்து வளர்ந்த நானும் அப்படித்தான் முடித்து வந்திருக்கிறேன். சிக்கல் என்னவென்றால், அந்தப் பெயரைச் சூட்டியவுடன் கேள்வி கேட்பது நின்றுவிடுகிறது. பேறுகாலத்துக்காக மாதக்கணக்கில் உழைத்த ஒரு வீடு, பிறக்கப்போகும் குழந்தைக்கென்று மட்டும் ஏன் எதையும் வாங்கி வைக்கவில்லை? நில உறவுகள் பற்றியும் போராட்டங்கள் பற்றியும் எழுதிக் குவித்த நம்முடைய வரலாற்றெழுத்து பிரசவ அறையின் வாசலோடு நின்றுகொண்டது. உள்ளே நடப்பது பெண்கள் விஷயம், வீட்டு விஷயம், ஆகவே வரலாறு அல்ல என்பது பேசப்படாத ஒப்பந்தம்.

மதுரையிலிருந்து தேனி போகும் சாலையில் செக்கானூரணி தாண்டி உள்ளே திரும்பினால் அம்மாச்சியின் ஊர். மானாவாரி பூமி. பிரமலைக் கள்ளர் குடும்பம். இதைச் சொல்லாமல் எழுதினால் பின்னால் வருவது நேர்மையாக இருக்காது. 1962இல் நான் பிறந்தது அங்கேதான். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது முறை. அந்த வீடு எப்படித் தயாரானது என்று அம்மா சொல்லச் சொல்லக் குறித்து வைத்திருக்கிறேன்.

ஏழாம் மாதம் சோறாக்கிக் கொண்டுபோய் மகளை அழைத்து வந்த நாளிலிருந்தே வேலை தொடங்கிவிடும். சுக்கு, மிளகு, திப்பிலி, பெருங்காயம் என்று பேறுகால மருந்துச் சாமான் உசிலம்பட்டிச் சந்தையில் வாங்கியாகும். கருப்பட்டி பானையில் ஏறும். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் தனியாக எடுத்து வைக்கப்படும். பிள்ளை பெற்றவளுக்கு என்று இரண்டு வெடக்கோழி யார் கையும் படாமல் வளரும். வெந்நீர் போட விறகு பிளந்து அடுக்குவார்கள். மாட்டுக்கொட்டத்தை ஒட்டிய தாழ்வாரத்தைச் சாணி போட்டு மெழுகி, ஓலைத்தட்டி வைத்து மறைப்பார்கள். உத்தரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு தொங்கும். தலைமாட்டில் அரிவாள், வாசலில் வேப்பிலை.

குழந்தைக்கு? பழைய வேட்டிகள், நைந்த சேலைகள். அவற்றையும் குழந்தைக்கென்று சொல்லி எடுத்து வைப்பதில்லை. "கெடக்கட்டும்" என்று மூலையில் ஒரு மூட்டை. அவ்வளவுதான். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பெயர். அது பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா வீட்டு அடுக்களையிலும் கிடப்பது.

பலமுறை வெளுத்த பருத்தித் துணி பச்சைக் குழந்தையின் தோலை அறுக்காது என்ற கைப்பழக்க அறிவு இதில் உண்டு. அதைவிடப் பெரிய காரணம் சாவு. 1971இல்கூடத் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூறுக்கும் மேற்பட்டவை ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. 2020இல் அந்த எண் 13. நூறு என்பது சராசரிதான். மருத்துவமனைக்கு மாட்டுவண்டியில் போகவேண்டிய ஊர்களில் அது எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். ஆளில்லாத புதுச்சட்டையைப் பார்த்துக்கொண்டு ஒரு தாய் அந்த வீட்டிலேயே கிடக்கக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட விலக்கு இது என்று நான் நினைக்கிறேன். அம்மா சொல்லும் வெறுந்தொட்டிலின் முதல் அர்த்தம் இதுதான். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை.

'வீடு தயாரானது' என்று எழுதினேன். யார் தயாரித்தார்கள்? தாழ்வாரத்துக்குப் பின்வாசல் வழியாக வந்தவள் மருத்துவச்சி. நாவிதர் சமூகத்துப் பெண். அந்தச் சமூகத்துப் பெண்கள் பேறு பார்ப்பதை 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் சாதிகள் பற்றிய தொகுதிகள் பதிவு செய்திருக்கின்றன. 1926இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்தபோது, பயிற்சி பெற்றுப் பதிந்துகொண்டவளே மருத்துவச்சி என்றாயிற்று. மற்றவள் காலனிய மருத்துவச் சொல்லாடலில் அழுக்கு, அறியாமை ஆகியவற்றின் உருவமானாள். மதுரை நகரத்தில் அமெரிக்க மிஷனின் பெண்கள் மருத்துவமனையும் பெரியாஸ்பத்திரியும் இருந்தன. எங்கள் ஊருக்கு இருந்தது அவள் ஒருத்திதான். ரத்தத்தைத் தொட்டது அவள். தீட்டுத்துணியைத் தூக்கிக்கொண்டு ஊருணிப் பக்கம் போனது வண்ணார் வீட்டுப் பெண். கள்ளர் வீட்டின் 'சுத்தம்' இந்த இருவரின் கைகள் வழியாகத்தான் உற்பத்தியானது. பயிற்சி இல்லாத கை என்று அரசும், தீட்டுப்பட்ட கை என்று சாதியும் ஒதுக்கின. இரண்டும் ஒரே கை. கூலி தானியம். ஆண் பிள்ளை என்றால் மரக்கால் குவியும், சேலை உண்டு. பெண் என்றால் தலை தட்டி அளப்பார்கள். "அந்த மருத்துவச்சிக்கு யாரும்மா பேறுகாலம் பாத்தது?" என்று கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. கேக்கத் தோணலையே என்றார்.

இன்னொரு கணக்கும் இந்த ஏற்பாட்டுக்குள் ஓடுகிறது. எங்கள் பக்கம் செய்முறை என்பது உறவு மட்டுமல்ல, வாழ்நாள் கடன். கல்யாணத்தோடு முடிவதில்லை. தலைப்பிரசவம், பேர்வைப்பு, காதுகுத்து, சடங்கு என்று பிறந்த வீடு செய்துகொண்டே இருக்கவேண்டும். தாய்மாமன் என்ற சொல்லின் எடை அது. ஆக, பேறுகாலத்துக்கு வெடக்கோழி வளர்த்து, கருப்பட்டி வாங்கி, கடன்பட்டு நின்ற வீடு எது? மகளைப் பெற்ற வீடு. பிறக்கப்போவதும் மகள் என்றால் இதே செலவு இன்னொரு இருபது வருடத்தில் இன்னொரு வீட்டில் திரும்ப வரும் என்று தெரிந்த வீடு. முன்பு மாப்பிள்ளை வீட்டார் பரிசம் போட்டுப் பெண் எடுத்த சாதியில் வரதட்சணை நுழைந்தபின் இந்தக் கணக்கு கழுத்தை இறுக்கியது. குழந்தையை வரவேற்கும் ஏற்பாடுகளே, அந்தக் குழந்தை பெண்ணாக இருந்தால் வேண்டாம் என்பதற்கான காரணப் பட்டியலாகவும் இருந்தன. இந்த இடத்தில் வெறுந்தொட்டிலுக்கு இரண்டாவது அர்த்தம் வந்துவிடுகிறது. எதுவும் வாங்கி வைக்காத வீட்டில் எதையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. பிறப்புக்கும் தொட்டில் கட்டுவதற்கும் இடையில் சில நாட்கள் இருந்தன. அந்த இடைவெளியில் முடிவுகள் எடுக்கப்பட்டன. முதல் சொட்டாகச் சேனை வைக்கிற வழக்கம் உள்ள ஊரில், கள்ளிப்பால் வைத்ததும் அப்படியொரு விரல்தான்.

அம்மாச்சிக்கு எத்தனை பிள்ளைகள் என்று அம்மாவிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆறு என்பார். ஒருமுறை, வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது, "ஏழு" என்றார். பிறகு ஆறு என்று திருத்திக்கொண்டார். நான் மேலே கேட்கவில்லை.

இந்த ஏழாவதை எந்த ஏட்டில் தேடுவது? 1870இல் பிரிட்டிஷ் அரசு பெண்சிசுக்கொலைத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தபோது அதன் பார்வை வடமேற்கு மாகாணங்கள், அவுத், பஞ்சாப் பக்கம் இருந்தது. மதுரைக்கு மேற்கே அரசு தேடியது திருடனை. 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் எங்கள் ஊர்களின் மேல் விழுந்தபோது ஆண்களின் கைரேகை ஏட்டில் ஏறியது. ராத்திரியானால் காவல் நிலையத்தில் போய்ப் படுக்கவேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மேல் துப்பாக்கிச்சூடு நடந்தது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. வளர்ந்த ஆண் ஒவ்வொருவனையும் இரவில் எண்ணிப் பார்த்த அரசுக்கு, அதே இரவில் தாழ்வாரத்தில் பிறந்ததை எண்ணத் தேவைப்படவில்லை. பேர் எழுதுவது என்றாலே போலீஸ் என்று பழகிப்போன சனமும் பிறப்பைப் பதியப் பறக்கவில்லை. பதியப்படாத பிறப்புக்குச் சாவும் கிடையாது.

1986 ஜூனில் 'இந்தியா டுடே' உசிலம்பட்டிப் பெண்சிசுக்கொலையை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. 1994இல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா'. உசிலம்பட்டி என்ற ஊர்ப்பெயரே ஒரு குற்றத்தின் பெயரானது. கொலை நடந்தது, அதை மறைப்பது என் வேலையில்லை. ஆனால் 'கள்ளர் வழக்கம்' என்ற கதையாடல் பழைய குற்றப் பரம்பரை ஏட்டின் மறுபதிப்பாக இருந்ததையும் சொல்லவேண்டும். சேலம், தர்மபுரி வட்டாரங்களில் வேறு சாதிகளிலும் இது நடந்தது. வரதட்சணை, நிலம், ஆண்வழிச் சொத்து ஆகியவற்றை விசாரிப்பதைவிட ஒரு சாதியைப் பிடித்துக்கொள்வது சுலபம். விசாரணைக் கூண்டில் கடைசியில் நின்றது பெரும்பாலும் பச்சை உடம்புக்காரியான தாய்தான். செய்முறை நோட்டு எழுதிய ஆண்கள் அல்ல.

1992இல் ஜெயலலிதா அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 2001இல் மதுரைக்கும் நீட்டித்தது. கொல்லாதே, இங்கே போட்டுவிட்டுப் போ. மருத்துவமனை வாசலில் ஆள் இல்லாத தொட்டில். வெறுந்தொட்டிலை ஆட்டக்கூடாது என்ற ஊரில் அரசே வெறுந்தொட்டிலைத் தொங்கவிட்டது. உயிர்கள் பிழைத்தன, அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தொட்டில் வீட்டின் கணக்கில் ஒரு பைசாவையும் மாற்றவில்லை. பெண் குழந்தையை வீட்டிலிருந்து வெளியேற்றும் முடிவை அப்படியே வைத்துக்கொண்டு, வெளியேற்றும் வழியை மட்டும் சாந்தப்படுத்தியது.

இதே அரசு இன்னொரு பக்கம் என்ன செய்தது என்று பார்க்கவேண்டும். 1987இல் 300 ரூபாயோடு தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 என்று வளர்ந்தது. கர்ப்பிணி வீட்டின் அடுக்களைக்குள் நேராகப் போன பணம் இது. கூலிக்காரப் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் முதல் இரண்டு பிரசவங்களுக்குத்தான். கள்ளிப்பால் அதிகம் தேடிப்போனது யாரை? இரண்டு பெண்களுக்குப் பின் பிறந்த மூன்றாவது பெண்ணை. குடும்பக் கட்டுப்பாட்டின் தர்க்கமும் செய்முறை நோட்டின் தர்க்கமும் அவள் விஷயத்தில் ஒன்றாகவே பேசின.

பிறகு 2015இல் பெட்டகம் வந்தது. அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்றவளுக்குத் துண்டு, உடுப்பு, மெத்தை, கொசுவலை, சோப்பு, கிலுகிலுப்பை என்று 16 பொருட்கள். அதில் சௌபாக்கிய சுண்டி லேகியமும் இருந்தது. மருத்துவச்சியை அறியாமையின் உருவம் என்று அனுப்பிவிட்டு, பேறுகால வீட்டின் சுக்கை மட்டும் எடுத்து டப்பாவில் அடைத்துக்கொண்டார்கள். பின்லாந்தில் 1938இலிருந்து இப்படியொரு பெட்டி உண்டு. அங்கே பிரசவத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடும். நான்காம் மாதம் முடியுமுன் மருத்துவரைப் பார்த்திருக்கவேண்டும் என்பது 1949இலிருந்து நிபந்தனை. துணிகளை எடுத்தபின் அந்த அட்டைப்பெட்டியே குழந்தையின் முதல் படுக்கையாகும். இங்கே பெட்டகம் கைக்கு வந்தது குழந்தை பிறந்த பிறகு. உயிரோடு பிறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அம்மாச்சி சொன்னதை அரசாங்கமும் சொன்னது போலத்தான் எனக்குப் படுகிறது.

தாழ்வாரம் போய்விட்டது. 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவங்கள் மருத்துவமனைகளில். காத்திருப்பின் இடைவெளியும் இடம் மாறியது. முடிவுகள் ஸ்கேன் அறைக்குப் போயின. 1994இல் அதைத் தடுக்கும் சட்டம் வந்தபிறகும் அறைகள் கண்டுபிடித்துக்கொண்டன. இன்று நடுத்தர வர்க்க வீடு எட்டாம் மாதமே தொட்டில், அலமாரி, சுவருக்குப் பெயிண்ட் என்று துணிச்சலாக வாங்கிக் குவிக்கிறது. குழந்தைகள் சாகாமல் வந்த நம்பிக்கை அது. மருத்துவச்சிகள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், அங்கன்வாடிப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து சம்பாதித்த நம்பிக்கை. கடைக்காரனுக்கு அது வியாபாரம். என் மகளிடம் இதைச் சொன்னேன். "அதுக்கு நான் தொட்டில் வாங்கக்கூடாதாம்மா?" என்றாள். வாங்கலாம் என்றேன்.

மூன்றாம் நாள் அவளே சட்டங்களைப் பூட்டினாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுக்களைக்குப் போய் அம்மிக்குழவியைத் தூக்கி வந்தார். அப்பாவின் பழைய வேட்டியில் அதைச் சுற்றித் தொட்டிலில் படுக்கவைத்தார். பேர்வைப்பு அன்று தொட்டிலில் முதலில் குழவியைக் கிடத்துவது எங்கள் பக்கத்து வழக்கம்தான். இரண்டு மாதம் முன்பே கிடத்தி இப்போதுதான் பார்க்கிறேன்.

சாயங்காலம் தனியாக உட்கார்ந்து அதை ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அது எனக்கு நேர் எளையவத்தா" என்றார். "மூக்கு எடுப்பா இருக்கும்."