குழந்தையின் கண்ணோரக் கொப்புளம்: நோயறிதலும் மருத்துவமும் வளர்ந்த வரலாறு

முன்னுரை

குழந்தையின் இமையைச் சுற்றித் தோல் சிவந்து நீர்க்கொப்புளம் எழும்பினால், அது கரப்பானா, ஒவ்வாமையா, அக்கியா என்ற ஐயம் எழுகிறது. இவற்றுள் ஒன்றுக்கு உகந்த மருந்து மற்றொன்றுக்குக் கேடாகலாம். கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் மருத்துவம் இவற்றைப் பிரித்தறியக் கற்ற வழியை இக்கட்டுரை ஆராய்கிறது. மருந்துகள் வலிமை பெறப்பெற நோயறிதலின் பொறுப்பும் கூடியது என்பதே இங்கு நிறுவப்படும் கருத்து.

வழக்கில் அக்கி

உடலின் ஒருபக்கத்தில் பட்டையாக எழும் எரிகொப்புளங்களைத் தமிழகத்தில் அக்கி என்பர். குயவரிடம் சென்று காவிக் குழம்பால் ‘அக்கி எழுதி’க்கொள்ளும் வழக்கம் ஊர்ப்புறங்களில் உண்டு. உடம்பில் வரும் அக்கி பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தானே ஆறிவிடுகிறது. எழுதியதால் ஆறியது என்ற நம்பிக்கை வேரூன்ற இது ஒரு காரணமாகலாம். கண்ணருகே வரும்போது இந்தக் கணக்கு பொய்க்கிறது. தோல் ஆறிய பின்னும் கருவிழியில் தழும்பு நின்று பார்வை மங்கக்கூடும்.

கண்ணால் கண்டறிந்த காலம்

முதல் முன்னேற்றம் கருவி எதுவுமின்றி நிகழ்ந்தது. 1860-களில் லண்டன் அறுவை மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சன், மூக்கு நுனியிலும் பக்கவாட்டிலும் அக்கிக் கொப்புளம் இருந்தால் கண்ணும் பாதிக்கப்படும் வாய்ப்பு மிகுதி என்று கண்டார். மூக்குநுனிக்கும் விழிக்கும் ஒரே நரம்புக் கிளை செல்வதே காரணம். இன்றும் மருத்துவர்கள் தேடிப் பார்க்கும் குறி இது.

1887-இல் வியன்னாவின் மோரிட்ஸ் கபோசி, கரப்பான் உள்ள குழந்தைகளுக்குத் திடீரெனப் பரவும், நடுவில் குழி விழுந்த கொப்புளங்களை விவரித்தார். பழைய கரப்பான் முற்றியதுபோலத் தோன்றும் இது, கரப்பான் தோலில் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் தொற்றுவதால் வருவது என்பது பின்னரே தெளிவாயிற்று. இதே காலத்தில் புடாபெஸ்ட் குழந்தை மருத்துவர் யானோஸ் போகாய், பெரியவருக்கு அக்கி வந்த வீடுகளில் குழந்தைகளுக்குச் சின்னம்மை வருவதைக் கவனித்தார். இரண்டுக்கும் ஒரே வைரஸ்தான் மூலம் என்பதை 1950-களில் தாமஸ் வெல்லரின் ஆய்வுகள் உறுதி செய்தன.

கருவிகளின் காலம்

1871-இல் அடால்ஃப் பேயர் உருவாக்கிய ஃப்ளூரசின் சாயம் பின்னர்க் கண் மருத்துவத்துக்கு வந்தது. கருவிழியின் மேல்தோல் பெயர்ந்த இடத்தில் மட்டும் அது படிந்து ஒளிர்வதால், கிளைவிட்ட மரம்போன்ற ஹெர்பிஸ் புண் வெளிப்பட்டது. 1947-இல் பாரிஸின் அர்னோ சாங்க், கொப்புளத்தின் அடியைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்கும் முறையைப் பரப்பினார். பல உட்கருக்கள் கொண்ட பெருஞ்செல்கள் தென்பட்டால் ஹெர்பிஸ் குடும்ப வைரஸ் என்று கொள்ளலாம். அக்கியின் வைரஸா, ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸா என்று அது சொல்லாது. அந்தக் குறையை 1980-களில் பிறந்த பி.சி.ஆர். சோதனை நீக்கியது.

மருந்துகளின் காலம்

1952-இல் மரியன் சல்ஸ்பெர்கரும் விக்டர் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டுக் களிம்பின் பயனை வெளியிட்டனர். கரப்பானுக்கு அது பெரும் வரம். ஆனால் கண்ணில் ஹெர்பிஸ் இருக்கையில் வைரஸ் மருந்தின்றி ஸ்டீராய்டு மட்டும் இட்டால் புண் பரவும் என்பது அனுபவத்தில் தெரியவந்தது. முகத்தில் நெடுநாள் ஸ்டீராய்டு பூசினால் வாய், மூக்கு, கண் ஓரங்களில் புதிய தடிப்பு தோன்றுவதும் பின்னர்ப் பதிவாயிற்று.

வைரஸை எதிர்க்கும் மருந்து பிறகே வந்தது. 1962-இல் ஹெர்பர்ட் காஃப்மன் ஐடாக்சியூரிடின் சொட்டால் கருவிழி ஹெர்பிஸைக் குணப்படுத்தலாம் என்று காட்டினார். 1970-களில் கெர்ட்ரூட் எலியனின் ஆய்வுக்குழு ஏசைக்ளோவிரை உருவாக்கியது. 1988-இல் நோபல் பரிசு பெற்றோருள் எலியனும் ஒருவர். வைரஸ் நுழைந்த செல்லில் மட்டுமே பெரிதும் செயல்படுவதால் இம்மருந்தைக் குழந்தைகளுக்கும் தர முடிந்தது.

இந்தியாவில் ஸ்டீராய்டு களிம்புகளைத் தாமாகவே வாங்கிப் பூசும் பழக்கம் கவலைக்குரியதானபோது, 2018-இல் நடுவண் அரசு 14 வகைகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத ‘எச்’ அட்டவணையில் சேர்த்தது.

முடிவுரை

காவிக்கு நோயை மாற்றும் ஆற்றல் இல்லை. ஆகவே அக்காலத்தில் நோயைத் தவறாகக் கணித்தாலும் மருந்தால் பெருங்கேடு வரவில்லை, காலந்தான் வீணாயிற்று. களிம்பின் காலத்தில் தவறான கணிப்பே பார்வையைப் பறிக்கக்கூடும். கண்ணோரக் கொப்புளத்துடன் காய்ச்சல், கண் சிவப்பு, வெளிச்சம் கூசுதல், மூக்குநுனிப் புண் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், வீட்டிலுள்ள களிம்பைத் தொடாமல் அன்றே குழந்தையைக் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.