நாணயம் யார் கையில்? - வசீர்எக்ஸ் வளர்ந்த கதை

குன்னூரில் 1963-லிருந்து தேயிலை ஏலம் நடக்கிறது. மஞ்சூர்ப் பக்கத்தில் ஒரு சிறு விவசாயி பறித்துப் போடும் பச்சை இலைக்குக் கிலோவுக்கு எத்தனை ரூபாய் கிடைக்கும் என்பது, அந்த ஏலத்தில் தேயிலைத்தூள் என்ன விலைக்குப் போனது என்பதைப் பொறுத்துத்தான் அமைகிறது. ஏலத்தில் தரகர் ஒருவர் இருப்பார். தூளை ருசி பார்ப்பார், பட்டியல் போடுவார், விற்றுக் கொடுப்பார், கமிஷன் வாங்கிக்கொள்வார். ஆனால் மூட்டை அவருடையது கிடையாது. எந்த லாட் எந்த ஃபாக்டரியில் இருந்து வந்தது என்று எழுதி வைத்திருக்கும். விற்காவிட்டால் அது ஃபாக்டரியின் சரக்குதான்.

கிரிப்டோகரன்சி எக்ஸ்சேஞ்ச் என்பதும் மேலோட்டமாகப் பார்த்தால் இதே வேலைதான். வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்து வைத்து கமிஷன் எடுப்பது. ஒரே ஒரு வித்தியாசம், இங்கே சரக்கு எல்லாம் தரகர் கையில் இருக்கும்! இந்தியாவின் மிகப் பெரிய எக்ஸ்சேஞ்ச் என்று பெயர் வாங்கிய வசீர்எக்ஸ் நிறுவனம் வளர்ந்ததும் இதனால்தான், அடி வாங்கியதும் இதனால்தான்.

கொஞ்சம் பின்னணி. 2008 அக்டோபர் 31 அன்று சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் யாரோ ஒருவர் பிட்காயின் பற்றிய கட்டுரையை இணையத்தில் வெளியிட்டார். 2009 ஜனவரியில் பிட்காயின் ஓட ஆரம்பித்தது. வங்கி வேண்டாம், நடுவில் யாரையும் நம்ப வேண்டாம், உன் காசுக்கு உன்னிடம் ஒரு ரகசியச் சாவி இருக்கும், அதுதான் எல்லாம் என்பது அதன் தத்துவம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாவி தொலைந்தால் காசும் தொலைந்தது. சாதாரண ஆளுக்கு இது பெரிய தலைவலி. அதனால் வங்கியே வேண்டாம் என்று கிளம்பிய நாணயத்துக்கு வங்கி மாதிரி ஒன்று தேவைப்பட்டது. "சாவியை நாங்கள் வைத்துக்கொள்கிறோம், நீங்கள் பாஸ்வேர்டு போட்டு உள்ளே வந்தால் போதும்" என்று சொன்ன வலைத்தளங்கள்தான் எக்ஸ்சேஞ்ச்கள். ஒரு காலத்தில் உலகின் பெரும்பாலான பிட்காயின் வியாபாரம் டோக்கியோவில் இருந்த மவுண்ட் காக்ஸ் என்ற தளத்தில் நடந்தது. 2014 பிப்ரவரியில் அது திவால். சுமார் 8,50,000 பிட்காயின்களைக் காணோம் என்றார்கள் (பிறகு 2 லட்சம் ஒரு பழைய வாலட்டில் கிடைத்தது). இந்தப் பாடம் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

இந்தியாவில் பெங்களூரின் யூனோகாயின், அகமதாபாத்தின் ஜெப்பே இரண்டும் முன்னோடிகள். ரிசர்வ் வங்கி 2013 டிசம்பரிலேயே ஜாக்கிரதை என்று அறிக்கை விட்டது, ஆனால் தடை எதுவும் இல்லை. 2017 கடைசியில் பிட்காயின் விலை எகிறியபோது ஊரெல்லாம் இதே பேச்சு. அந்த நேரத்தில் மும்பையில் நிஷால் ஷெட்டி, சமீர் மாத்ரே, சித்தார்த் மேனன் என்ற மூன்று பேர் ஜன்மாய் லேப்ஸ் என்ற கம்பெனியைப் பதிவு செய்தார்கள். ஷெட்டி ஏற்கனவே சமூக வலைத்தளக் கணக்குகளை நிர்வகிக்க உதவும் க்ரவுட்ஃபயர் என்ற மென்பொருளை நடத்தியவர். 2018 மார்ச் 8 அன்று வசீர்எக்ஸ் திறக்கப்பட்டது. வசீர் என்றால் உருதுவில் மந்திரி.

திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. கிரிப்டோ வியாபாரம் செய்பவர்களுக்கு எந்த வங்கியும் சேவை தரக்கூடாது, ஏற்கனவே தருபவர்கள் மூன்று மாதத்தில் நிறுத்த வேண்டும். கிரிப்டோ சட்டவிரோதம் என்று எங்கும் சொல்லவில்லை, குழாயை மட்டும் அடைத்துவிட்டார்கள். வாடிக்கையாளர் ரூபாய் போடவும் முடியாது, எடுக்கவும் முடியாது என்றால் எக்ஸ்சேஞ்ச் எப்படி நடக்கும்? செப்டம்பரில் ஜெப்பே இந்தியக் கடையை மூடியது. அடுத்த வருடம் ஜூனில் கோயினெக்ஸ் மூடியது.

வசீர்எக்ஸ் மூடவில்லை. இங்கேதான் அவர்கள் மூளை வேலை செய்தது. பி2பி என்று ஒரு ஏற்பாடு கொண்டு வந்தார்கள். உதாரணத்துக்கு சேலத்தில் ஒருவர் விற்கிறார், நாசிக்கில் ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பவரின் டெதர் என்ற டாலர் மதிப்புள்ள நாணயத்தை வசீர்எக்ஸ் பூட்டி வைக்கும். நாசிக்காரர் தன் வங்கிக் கணக்கில் இருந்து நேராக சேலத்துக்காரர் கணக்குக்கு ரூபாய் அனுப்புவார். வந்துவிட்டது என்று அவர் சொன்னதும் பூட்டு திறந்து நாணயம் கைமாறும். கம்பெனி ரூபாயைத் தொடவே இல்லை! ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையை மீறியதாகவும் சொல்ல முடியாது. இந்த ஏற்பாட்டில் ரூபாய் மக்களிடமே இருந்தது, நாணயம் மட்டும் கம்பெனியிடம் இருந்தது. அதாவது மக்கள் நம்பியது வங்கியை இல்லை, வசீர்எக்ஸை.

2018 நவம்பர் 1 முதல் ஷெட்டி "இந்தியாவுக்கு கிரிப்டோ வேண்டும்" என்று தினமும் ஒரு ட்வீட் போட ஆரம்பித்தார். ஆயிரம் நாளுக்கு மேல் விடாமல் போட்டார். விளம்பரமா கொள்கையா என்று கேட்டால் இரண்டும்தான்.

2019 நவம்பரில் உலகின் மிகப் பெரிய எக்ஸ்சேஞ்சான பைனான்ஸ், வசீர்எக்ஸை வாங்கிவிட்டதாக அறிவித்தது. வங்கிக் கதவு மூடியிருக்கும்போதே வாங்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்த மார்ச் 4 அன்று உச்சநீதிமன்றம் ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையை ரத்து செய்தது. 180 பக்கத் தீர்ப்பை எழுதியவர் மன்னார்குடியில் பிறந்த நீதிபதி வி. ராமசுப்பிரமணியன். ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் இருக்கிறது, ஆனால் இந்த வியாபாரத்தால் வங்கிகளுக்கு என்ன பாதிப்பு வந்தது என்று காட்டாமல் இப்படி முழுசாக அடைத்தது அளவுக்கு மீறியது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

சில வாரத்தில் ஊரடங்கு. வீட்டில் மொபைலோடு உட்கார்ந்திருந்த இளைஞர்கள் எல்லாம் வாடிக்கையாளர் ஆனார்கள். 2021-ல் ஒரு கோடிக்கு மேல் கணக்குகள், வருடத்துக்கு 4,300 கோடி டாலருக்கு மேல் வியாபாரம் என்று நிறுவனமே கணக்கு சொன்னது. நாய்ப்படம் போட்ட ஷிபா இனு நாணயத்தை வாங்குவதற்குக்கூட அப்படி ஒரு கூட்டம்!

மூன்றே வருடத்தில் இவ்வளவு வளர்ச்சி. ஆனால் யாரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருந்தது: இந்தக் கம்பெனி யாருடையது? 2021 ஜூனில் அமலாக்கத்துறை 2,790.74 கோடி ரூபாய் பரிவர்த்தனைகள் பற்றி விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. 2022 ஆகஸ்டில் 64.67 கோடி ரூபாயை முடக்கியது (அடுத்த மாதம் விடுவித்தது). முடக்கிய கையோடு, பைனான்ஸ் தலைவர் சாங்பெங் ஜாவோ ட்விட்டரில் ஒரு குண்டு போட்டார். ஜன்மாய் லேப்ஸில் எங்களுக்குப் பங்கே கிடையாது, வாங்கும் வேலை முடியவே இல்லை என்றார். இல்லை, வாங்கிவிட்டார்கள் என்றார் ஷெட்டி. மூன்று வருடமாக "பைனான்ஸ் கம்பெனி" என்று நம்பிக் காசு போட்டவர்கள் இரண்டு முதலாளிகளும் "உன்னுடையது" "உன்னுடையது" என்று தள்ளிவிடுவதைப் பார்த்தார்கள். தமிழில் நாணயம் என்றால் காசு, நேர்மை இரண்டும்தான். இந்த இடத்தில் இரண்டாவது அர்த்தம்தான் ஞாபகம் வருகிறது.

அதே வருடம் பட்ஜெட்டில் லாபத்துக்கு 30 சதவீத வரி, ஜூலையில் இருந்து ஒவ்வொரு விற்பனைக்கும் 1 சதவீத டிடிஎஸ். வியாபாரம் சரிந்தது. அக்டோபரில் 40 சதவீத ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2023 பிப்ரவரியில், எங்கள் வாலட்டில் இருக்கும் உங்கள் பணத்தை எடுத்துக்கொண்டு போங்கள் என்று பைனான்ஸ் சொல்லிவிட்டது. லிமினல் என்ற வேறொரு நிறுவனத்தின் ஏற்பாட்டில் நாணயங்கள் வைக்கப்பட்டன.

அந்தப் பெட்டகத்துக்கு ஆறு சாவி. ஐந்து வசீர்எக்ஸிடம், ஒன்று லிமினலிடம். வசீர்எக்ஸ் தரப்பில் மூன்று பேரும் லிமினலும் கையெழுத்துப் போட்டால்தான் திறக்கும். 2024 ஜூலை 18 அன்று எல்லோரும் போட்டார்கள்! திரையில் தெரிந்தது வழக்கமான பரிமாற்றம், உண்மையில் கையெழுத்தானது பெட்டகத்தையே திருடர்களுக்கு எழுதிக் கொடுக்கும் உத்தரவு என்று வசீர்எக்ஸ் விளக்கம் சொன்னது. எங்கள் தளத்தில் ஓட்டை இல்லை என்றது லிமினல். போனது சுமார் 23 கோடி டாலர், கிட்டத்தட்ட 2,000 கோடி ரூபாய். மொத்த இருப்பில் ஏறக்குறைய 45 சதவீதம். செய்தது வடகொரியக் கும்பல் என்று 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூன்றும் கூட்டாக அறிவித்தன.

திருடு போனது எதீரியம் சார்ந்த நாணயங்கள் மட்டும். பிட்காயின் வைத்திருந்தவர் காசு அப்படியே இருந்தது. ஆனால் நஷ்டத்தை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்றது கம்பெனி. மஞ்சூரில் ஒருவருடைய மூட்டை திருடு போனால் பக்கத்துத் தோட்டக்காரர் மூட்டையில் இருந்து எடுத்துக் கொடுப்பது போல! தாய்க் கம்பெனி சிங்கப்பூரில் இருந்ததால் வழக்கும் அங்கே போனது. ஒரு வருடத்துக்கும் மேல் எல்லோருடைய நாணயமும் முடங்கிக் கிடந்தது. வாடிக்கையாளர்கள் இரண்டு தடவை ஓட்டுப் போட்டார்கள். 2025 அக்டோபர் 13 அன்று சிங்கப்பூர் நீதிமன்றம் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. கையில் இருப்பதைப் பகிர்ந்து கொடுப்பது, மீதிக்கு மீட்பு டோக்கன், கம்பெனி லாபம் சம்பாதித்தால் அதில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக அடைப்பது. அக்டோபர் 24 அன்று வசீர்எக்ஸ் மறுபடி திறந்தது.

மறுநாளே சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு. சென்னையில் இருந்து சுமார் 2 லட்சம் ரூபாய்க்கு எக்ஸ்ஆர்பி நாணயம் வாங்கிய ஒருவர் தொடுத்த வழக்கு. திருட்டில் போனது வேறு நாணயம், என்னுடையதை ஏன் பிடித்து வைக்கிறீர்கள் என்பது அவர் கேள்வி. கிரிப்டோ என்பது கையால் தொட முடியாவிட்டாலும் சொத்துதான், ஒருவர் இன்னொருவருக்காக நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கக்கூடிய சொத்து என்றார் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ். வரி போடுவதற்காக வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த விளக்கத்தையும் அவர் எடுத்துக் காட்டினார் (30 சதவீதத்தால் வந்த ஒரே நன்மை!). சிங்கப்பூர் திட்டத்தைக் காட்டிய கம்பெனியின் வாதத்தை ஏற்காமல், மத்தியஸ்தம் முடியும் வரை சுமார் 9.56 லட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் தர வேண்டும், அல்லது அந்தத் தொகையைத் தனிக் கணக்கில் போட வேண்டும் என்று உத்தரவிட்டார். எக்ஸ்சேஞ்ச் கையில் இருக்கும் நாணயம் வாடிக்கையாளருடைய சொத்து என்று இந்திய நீதிமன்றம் ஒன்று எழுத, வசீர்எக்ஸ் திறந்ததில் இருந்து ஏழரை வருடம் ஆகியிருந்தது.