சோளிங்கர் (தியான மரபும் மனநலமும்)

சோளிங்கர், இராணிப்பேட்டை மாவட்டத்தில் அமைந்துள்ளதும், யோக நிலையில் வீற்றிருக்கும் மூர்த்திகளாலும் மனப்பிணி நீங்க வேண்டி வருவோரின் வழிபாட்டாலும் பிரசித்தி பெற்றதுமான வைணவத் தலமாகும். 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான இது, திருக்கடிகை எனவும் கடிகாசலம் எனவும் வழங்கப்பெறும்.

பெரிய மலையில் யோக நரசிம்மரும், சிறிய மலையில் சங்கு சக்கரம் தரித்த சதுர்புஜராக யோக ஆஞ்சநேயரும் எழுந்தருளியுள்ளனர். ஒரு கடிகை நேரம், அதாவது 24 நிமிடம், இங்குச் சித்தத்தை ஒருமுகப்படுத்தித் தங்கினாலே முக்தி சித்திக்கும் என்பது ஐதிகம். நெடுந்தவத்தை வேண்டாது, இல்லறத்தாருக்கும் இயலும் அளவினதாகத் தியானத்தை வகுத்த இக்கருத்தே இத்தலத்தின் தனிச்சிறப்பு எனலாம். சித்தப்பிரமையுற்றோர் தீர்த்தமாடி மலையேறி வழிபடுதல் நெடுநாள் வழக்கம். பெரிய மலைக்குப் படிகள் ஏறத்தாழ 1,300. 2024-இல் கம்பிவட ஊர்தியும் இயங்கத் தொடங்கியது.

தலத்தின் தியான மரபு இவ்வாறிருக்க, சமயச் சார்பற்ற மனப்பயிற்சி, 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்சில் ஜான் கபாட்-சின் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியின் வாயிலாக மருத்துவத்துள் புகுந்தது. மூச்சைக் கவனித்தலும், எழும் எண்ணங்களோடு போராடாது அவற்றை நோக்கியிருத்தலும் அதன் அங்கங்கள். மனக்கலக்கத்தையும் மனச்சோர்வையும் இது ஓரளவு தணிக்குமெனினும், மனச்சிதைவு போன்ற கடும் நோய்களில் மருந்துக்கு ஈடாகாது. அத்தகையோர் தேர்ந்த மருத்துவரின் மேற்பார்வையின்றித் தீவிரத் தியானத்தில் ஈடுபடலாகாது. மனநோயாளரைச் சங்கிலியிட்டுப் பிணித்தலை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. இவ்வட்டாரத்தார்க்கு வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையம் அண்மையிலுள்ளது.