சுமந்தவளுக்குத் தசை இல்லை

மூன்றாண்டுகளுக்கு முன் அம்மா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து பார்க்க வந்த டாக்டர், அவள் தொடையை அழுத்திப் பார்த்துவிட்டு, "சதையே இல்லையேம்மா, எந்த பலத்துல எழுந்து நடப்பாங்க?" என்றார். எனக்கு அது விளங்கவில்லை. தெருக்குழாயிலிருந்து நாளைக்குப் பத்துக் குடம் தண்ணீர் சுமந்தவள் அவள். குடத்துக்குப் பதினைந்து லிட்டர். அது போக அம்மி, ஆட்டுக்கல், உலக்கை, இடுப்பில் மாறி மாறி மூன்று பிள்ளைகள். ஆயுளெல்லாம் எடை தூக்கியவளுக்கு எப்படித் தசை இல்லாமல் போகும்?

இந்தக் கேள்வியோடுதான் நாற்பத்து நான்காம் வயதில் நான் ஜிம்முக்குப் போனேன். பயிற்சி தரும் தம்பி இரண்டு கிலோ டம்பெல்லைக் கையில் கொடுத்து, "லேடீஸுக்கு இது போதும் மேடம். அதுக்கு மேல தூக்கினா ஆம்பள மாதிரி ஆயிடுவீங்க" என்றான். நான்கு மாதம் அதையே தூக்கினேன். ஒன்றும் மாறவில்லை. பிறகுதான் படிக்கத் தொடங்கினேன்.

இரண்டாம் உலகப்போரின் இறுதியில், சிகாகோவிலிருந்த ராணுவ மருத்துவமனையொன்றில் தாமஸ் டிலோர்ம் என்ற இளம் மருத்துவர் காலில் அடிபட்ட வீரர்களைத் தேற்றிக்கொண்டிருந்தார். லேசான எடையைப் பலமுறை தூக்கவைப்பதே அன்றைய வழக்கம். டிலோர்ம் அதை மாற்றினார். பத்துமுறைக்கு மேல் தூக்க முடியாத அளவு எடையைக் கொடுத்தார். பலம் கூடக்கூட எடையையும் கூட்டினார். மெலிந்த தொடைகள் மீண்டும் திரண்டன. 1945இல் அவர் வெளியிட்ட அந்த முறையே இன்றைய ஜிம் பயிற்சிக்கெல்லாம் அடித்தளம். பழகிய எடைக்குத் தசை வளர்வதில்லை. பழகாத எடை வேண்டும். தூக்கியபின் கட்டுவதற்குப் புரதம் வேண்டும். கட்டி முடிக்க ஓய்வும் உறக்கமும் வேண்டும்.

அம்மாவின் குடம் நாற்பது ஆண்டுகளும் அதே பதினைந்து லிட்டர்தான். சாப்பாடு, எல்லோரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியது. ஓய்வு என்ற சொல்லை அவள் அப்பாவின் பென்ஷன் பேச்சில்தான் கேட்டிருப்பாள். முப்பதுக்குமேல் எல்லோருக்கும் தசை மெல்லக் குறையும்; மாதவிடாய் நின்றபின் பெண்ணுக்கு அது இன்னும் வேகமாகும். அதைத் தடுத்து நிறுத்தும் மூன்றில் ஒன்றுகூட அவளுக்கு வாய்க்கவில்லை. உழைப்பு வேறு, பயிற்சி வேறு. அவள் உழைப்பு அவளைத் தேய்த்தது.

இந்த மூன்றும் பெண்ணுக்குக் கிடைக்காமல் போனது தற்செயல் அல்ல. முதலில் எடையை எடுத்துக்கொள்வோம். யூஜின் சாண்டோ என்ற பலசாலி 1904-05இல் இந்தியாவுக்கு வந்து வித்தை காட்டினார். அவர் பெயர் தமிழில் பட்டமாகவே நிலைத்தது. தேவர் பிலிம்ஸ் சின்னப்பா தேவர் 'சாண்டோ' சின்னப்பா தேவரானார். கையில்லாத பனியன்கூடச் சாண்டோ பனியனாயிற்று. பட்டமும் பனியனும் ஆண்களோடு நின்றன. நம் தென்மாவட்டங்களில் இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டவனே பெண் கேட்கத் தகுந்தவன். அவனுக்கு வாழ்க்கைப்படுகிறவள் தினமும் தூக்கியதை யாரும் எடைபோடவில்லை. இன்று நெல்லை மாவட்டத்து வடலிவிளையில் பொங்கலன்று பெண்களும் இளவட்டக்கல் தூக்குவதைச் செய்தியில் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

அமெரிக்காவிலும் கதை அதுவே. எடை தூக்கினால் பெண்மை போய்விடும் என்று நம்பிய 1940களில், டெலிபோன் ஆபரேட்டராக இருந்த ஆபி ஸ்டாக்டன் கலிபோர்னியாவின் சான்டா மோனிகா கடற்கரையில் எல்லோரும் பார்க்க எடை தூக்கினார். 1944 முதல் ஓர் உடற்பயிற்சிப் பத்திரிகையில் பெண்களுக்கென்று பத்தி எழுதினார். 1947இல் அங்கீகாரம் பெற்ற பெண்கள் பளுதூக்கும் போட்டியையே நடத்திக்காட்டினார். ஆனாலும் பெண்களுக்கான முதல் உலகப் போட்டி 1987இல்தான் வந்தது. ஆண்களின் பளுதூக்குதல் 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலேயே உண்டு. பெண்களுடையது 2000 சிட்னியில் சேர்ந்தது. இடையில் 104 ஆண்டுகள். கதவு திறந்த அதே ஆண்டு ஆந்திராவின் கர்ணம் மல்லேஸ்வரி 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். அதற்கு முன்பே, 1989 உலகப் போட்டியில் மணிப்பூரின் குஞ்சராணி தேவி மூன்று வெள்ளி வென்றிருந்தார். பலம் இருந்தது, மேடைதான் இல்லை.

'ஆம்பள மாதிரி' என்ற பயத்துக்கும் பதில் உண்டு. தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் பெண்ணுடலில் ஆணைவிடப் பல மடங்கு குறைவு. முறையாகப் பயிற்சி செய்தால், தொடங்கிய நிலையிலிருந்து கணக்கிடும்போது ஏறத்தாழ ஆணளவு விகிதத்தில் நமக்கும் பலம் கூடும். ஆனால் உருவம் ஒரு காலையில் மாறிவிடாது. அந்தத் தம்பி பயந்தது நடக்க முடியாத ஒன்றுக்கு.

அடுத்தது தட்டு. தசை கட்ட விரும்புகிறவர் உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் உண்பது நல்லது என்கிறார்கள். அறுபது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 96 கிராம். ஓர் இட்லியில் ஏறக்குறைய இரண்டு கிராம், ஒரு முட்டையில் ஆறு. வீட்டில் முட்டை யாருக்கு வைக்கப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தத்தில் இரும்பு குறைந்தால் தசைக்குப் போகும் ஆக்சிஜனும் குறையும். இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்கும். என் வகுப்பில் பாதிப் பேர் 'சோம்பேறிகள்' என்று நினைத்திருந்தேனே, அதற்காக வெட்கப்படுகிறேன்.

ஓய்வைப் பற்றித் தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஜிம்மில் என்னோடு சேர்ந்த ஆறு பெண்களில் நான்கு பேர் மூன்றாம் மாதமே நின்றுவிட்டார்கள். பிள்ளைக்குப் பரீட்சை, மாமியாருக்கு உடம்பு முடியவில்லை. யாரும் எடையைத் தூக்க முடியாமல் நிற்கவில்லை. உடலின் மாதக் கணக்கையும் நாம் பேசுவதில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மீராபாய் சானு ஒரே ஒரு கிலோவில் வெண்கலத்தை இழந்தார். அன்று தனக்கு மாதவிடாயின் மூன்றாம் நாள் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். தோல்விக்குச் சாக்கு என்று சிலர் கேலி செய்தார்கள். 199 கிலோவைத் தூக்கிவிட்டு வந்த பெண்ணிடம்!

நான் இப்போது இருபது கிலோ கம்பியோடு தட்டுகளும் சேர்த்துத் தூக்குகிறேன். வீட்டில் அம்மாவின் கணுக்காலில் மணல்பை கட்டுகிறேன். அரைக் கிலோவில் ஆரம்பித்தோம். தன் முட்டையைப் பேரன் தட்டில் தள்ளிவிடும் பழக்கம் போக ஒரு வருஷம் ஆயிற்று. போன வாரம் நாற்காலியின் கையைப் பிடிக்காமல் எழுந்து நின்றாள். நின்றபடியே என்னைப் பார்த்து, "இன்னும் அரைக் கிலோ சேத்துக் கட்டுடி" என்றாள்.