இயற்கை அதிகரிப்பு

1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தை நாம் எல்லோரும் எண்களாகத்தான் படித்திருக்கிறோம். மொத்தம் 975,000 பேர். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிறகு 1974இல் இந்திரா காந்தியோடு பேசி ஆளுக்குப் பாதி. பரீட்சைக்கு இது போதும். ஆனால் அந்த எண்களோடு ஒட்டிக்கொண்டு ஒப்பந்தத்தில் இன்னொரு சொல்லும் இருக்கு: இயற்கை அதிகரிப்பு. அதாவது, இனிமேல் அந்தக் குடும்பங்களில் பிறக்கப்போற பிள்ளைகள். தாய் தகப்பன் எந்தப் பக்கமோ பிள்ளையும் அந்தப் பக்கம்.

மலையகத்தில் இருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் பெரியவர்களைத்தான் நினைக்கிறோம். பிரஜாவுரிமை பறிபோன 1948, வாக்குரிமை போன 1949, கங்காணி, தொழிற்சங்கம், இப்படி. ஆனால் கோச்சியில் ஏறினவர்களில் ஏராளமானோர் பிள்ளைகளும் வாலிபர்களும். அவர்கள் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. பல வீடுகளில் தாய் தகப்பனும் இங்கேயே பிறந்தவர்கள்தான். பாட்டன் சொன்ன ஊர்ப்பேர் ஒன்று மட்டும் இருக்கும், புதுக்கோட்டையோ சேலமோ திருச்சியோ.

இதற்கு அரசாங்கம் வைத்த பேர் "தாயகம் திரும்புதல்". போகாத ஊருக்கு எப்படித் திரும்புறது என்று யாரும் கேட்கவில்லை போல.

மலைநாட்டில் இருந்து மதவாச்சி வழியாகத் தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலுக்கு சனங்கள் வைத்த பேர் வேறு: ஒப்பாரிக் கோச்சி. செத்த வீட்டில் அழுகிற மாதிரி ஸ்டேசனில் கட்டிப்பிடித்து அழுதார்கள். அண்ணன் இந்தியப் பக்கம் எழுதியிருப்பான், தங்கச்சி இலங்கைப் பக்கம். விண்ணப்பம் போட்டது விருப்பத்தில்தான் என்று கோப்புகள் சொல்லும். 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி கிடந்தவர்களுக்கும், 1977இல் லயத்துக்கு நெருப்பு வைத்ததைப் பார்த்தவர்களுக்கும் விருப்பம் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் இருந்திருக்கும்?

தலைமன்னாரில் இருந்து கப்பலில் இராமேஸ்வரம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோனதால் கப்பல் பிறகு அங்கேதான் போனது. பக்கத்திலேயே மண்டபம் முகாம். இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றினபோது, நோய் இருக்கா என்று பார்த்து அடைத்து வைத்த இடம் இதே மண்டபம்தான். பாட்டனை வெளியே அனுப்பின வாசலால் பேரனை உள்ளே எடுத்தார்கள். 1983க்குப் பிறகு அதே முகாமில் அகதிகளும் வந்து இருந்தார்கள். அவர்களிலும் மலையகத்துச் சனங்கள் உண்டு.

குடும்ப அட்டையில் எழுதியபடி ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு திட்டம். சிலருக்கு வியாபாரக் கடன். மாடு வாங்கவும் கடை போடவும் கொடுத்த அந்தக் காசு பலருக்குச் சீக்கிரமே கரைந்துபோனது. பரம்பரையாகக் கொழுந்து பறித்தவர்களுக்குக் கடை வைக்க எங்கே தெரியும்? சிலரை நூல் ஆலைக்கு, சிலரைக் கேரளா, கர்நாடகா ரப்பர் தோட்டங்களுக்கு. நிறையப் பேர் கடைசியில் நீலகிரிக்குப் போனார்கள். அங்கே இவர்களுக்காகவே தமிழ்நாடு அரசு 1968இல் தேயிலை போடத் தொடங்கியிருந்தது, பிறகு டேன்டீ என்று கம்பனியானது அதுதான். கோத்தகிரி, குன்னூர், கூடலூர். குளிர், பனி, லயம், கொழுந்து. கண்ணை மூடித் திறந்தால் நுவரெலியாதான்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைகள் "சிலோன்காரங்க". இங்கே இருக்கும்போது "இந்தியாக்காரன்", அங்கே போனதும் "சிலோன்காரன்". இரண்டு இடத்திலும் பேசினது தமிழ், ஆனால் வாயைத் திறந்ததும் பிடிபட்டுவிடும். கோச்சி என்றால் அங்கே ஒருத்தருக்கும் விளங்காது, ரயில் என்று சொல்லவேணும். பாண், சவர்க்காரம், தோடம்பழம், எல்லாவற்றையும் ஒளித்து வைத்துக்கொள்ளவேணும். வீட்டுக்குள் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும், வெளியே வேறொரு தமிழ். வேறு மொழி பேசுற நாட்டுக்குப் போன பிள்ளைக்கு, தான் அந்நியம் என்றாவது தெளிவாகத் தெரியும். இவர்களுக்கு அதுவும் இல்லை. சொந்த ஊர் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்த இடத்தில் அந்நியமாக இருப்பதுதான் இன்னும் கஷ்டம் என்று எனக்குத் தோன்றுது.

சாதி விசயம் இதைவிட மோசம். லயத்தில் சாதி இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனாலும் ஒரே வரிசை வீடு, ஒரே பீலித் தண்ணி. பாட்டன் ஊரைத் தேடிப்போன குடும்பங்களில் பெரும்பகுதி தலித் குடும்பங்கள். ஊருக்குள்ளே எந்தத் தெருவில் நடக்கலாம், எங்கே தண்ணி எடுக்கலாம் என்று பதினைந்து வயதில் புதிதாகப் படிக்கவேண்டி வந்தது. அதைத் தாங்கமாட்டாமல் மலைக்கு ஏறினவர்களும் உண்டு. இன்னொரு பக்கம், படிப்புக்கும் அரசாங்க வேலைக்கும் சாதிச் சான்றிதழ் வேணும். அதைக் கேட்டுப்போனால், தகப்பனின் கடதாசியில் பிறந்த இடம் இலங்கை. ஊருக்குள் சாதியைச் சொல்லி ஒதுக்குவார்கள், அலுவலகத்தில் அதே சாதிக்கு அத்தாட்சி கேட்பார்கள்.

கப்பல் 1984இல் நின்றுபோனது. அதற்குள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். போகாமல் மிஞ்சினவர்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை முழுசாகக் கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் வருசம் கோச்சி வரத் தாமதித்திருந்தால் அந்தப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இங்கேயே இருந்திருப்பார்கள். இருந்திருந்தால் நல்லா இருந்திருப்பார்களா என்று கேட்டால் என்னால் ஓம் என்று சொல்ல முடியாது. 1983ஐயும் அவர்கள்தான் பார்த்திருக்கவேணும்.

1972இல் பத்து வயதில் கப்பல் ஏறின ஒரு பிள்ளைக்கு 2022இல் அறுபது வயது. அந்த 2022இல்தான் டேன்டீ காணியில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்கத் தமிழ்நாடு அரசு முடிவெடுத்தது. அங்கே குடியிருப்பு வேலையோடு சேர்ந்தது. ஓய்வு பெற்றால் லயத்தை விட்டு வெளியேறவேணும். வெளியே போகச் சொல்லிக் கடிதம் வந்த தொழிலாளர்கள் கூடலூர் பக்கம் போராட்டம் செய்தார்கள். வீட்டைக் காலி பண்ணிவிட்டு எங்கே போறது என்பதுதான் அவர்களின் கேள்வி.