மேசை ரம்பம்: நெடுக்கறுப்பும் பீடிங் வேலையும்

மேசைத் தளத்தின் பிளவு வழியாக வட்டப் பிளேடு தலைநீட்டி நிற்க, மரத்தைக் கையால் தள்ளி அறுக்கும் எந்திரமே மேசை ரம்பம். மரச்சிற்பத்துக்காக 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி வட்டாரத்தில், சின்னசேலம் உட்பட, சிலைக்கு இன்னமும் உளியும் கொட்டாப்புளியும்தான். கதவு, நிலை, சட்டம், பீடிங் எனப்படும் விளிம்புக் கீற்று என்று வந்தால் வேலை இந்த எந்திரத்துக்கு மாறிவிடுகிறது. விரல் போனால் ‘கவனக்குறைவு’ என்று சொல்லி முடிப்பது வழக்கம். அந்த விளக்கம் போதாது. கை எங்கே நிற்கும், அறுபட்ட துண்டு எந்தப் பக்கம் விழும் என்பதெல்லாம் சுவிட்சைப் போடுவதற்கு முன்பே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது.

10 அங்குலப் பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் அதன் பல் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். முன்பக்கப் பற்கள் மரத்தை மேசையோடு அழுத்துகின்றன. பின்பக்கப் பற்களோ மேல்நோக்கி எழுகின்றன. சரியாக உலராத மரத்தையும் முறுக்கு விழுந்த மரத்தையும் நெடுக்காக அறுக்கும்போது உள்ளே அடைபட்டிருந்த இறுக்கம் அவிழ்ந்து, அறுத்த தடம் பின்னால் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். எழும் பற்கள் அந்த மரத்தைத் தூக்கி, தள்ளுபவர்மீதே எறியும். தள்ளிய கை பிடிமானம் இழந்து பிளேடின் பக்கம் போவதும் அப்போதுதான். கண்ணிமைப்பதற்குள் நடப்பதைக் கவனத்தால் தடுக்க முடியாது. பிளேடுக்குப் பின்னால், அதன் உடலைவிடச் சற்றுத் தடித்ததாகவும் அறுப்புத் தடத்தைவிடச் சற்று மெல்லியதாகவும் நிற்கும் பிளவுத் தகடு தடுக்கும். பல பட்டறைகளில் முதலில் கழன்று மூலைக்குப் போவதும் இந்தத் தகடுதான்.

பீடிங்குக்குக் காடி எனப்படும் நீளப் பள்ளம் எடுக்கும்போது பிளேடை மூடும் மேல்மூடி இடிக்கிறது, அதனால்தான் தகட்டையும் சேர்த்துக் கழற்றுகிறோம் என்பது நியாயமான பதில். ஆனால் பிளேடின் உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று அதனோடு ஏறி இறங்கும் தகடு காடிக்கு இடைஞ்சல் செய்யாது. மூடியைக் காடி முடிந்ததும் மாட்டிவிடலாம். மெல்லிய சட்டத்தில் வடிவம் எடுப்பதைவிட, அகலப் பலகையின் விளிம்பில் வடிவத்தை எடுத்துவிட்டுக் கடைசியில் கீற்றாகப் பிரிப்பதே முறை. அந்தக் கீற்று பிளேடின் வெளிப்பக்கம் விழ வேண்டும். பிளேடுக்கும் ‘கைடு’ எனப்படும் பக்கச்சட்டத்துக்கும் நடுவில் சிக்கினால் அம்புபோலப் பாயும். ஒவ்வொரு கீற்றுக்கும் கைடை நகர்த்தினால் அளவு பிசகாதா என்று கேட்கலாம். பிளேடுக்கு முன்னால், வெளிப்பக்கத்தில், ஒரு நிறுத்துகட்டையைப் பொருத்தி, பலகையின் விளிம்பு அதைத் தொடும்படி கைடை நகர்த்தி இறுக்கினால் எல்லாக் கீற்றும் ஒரே அளவில் வரும். கடைசி ஒரு சாணுக்குக் கை வேண்டாம், தள்ளுகட்டை போதும். பிளேடு ஓயும்வரை சிதறலைப் பொறுக்கக் கூடாது. கையுறையும் தோளில் தொங்கும் துண்டும் இங்கே பாதுகாப்பல்ல, பிளேடு இழுத்துக்கொள்ளும் கயிறு.

அனுபவசாலிக்கு இதெல்லாம் தேவையா என்பார்கள். மரத்துக்குள் இருக்கும் இறுக்கம் ஆளின் அனுபவத்தைப் பார்ப்பதில்லை. அதிகம் அறுப்பவருக்கு மரம் எகிறும் வாய்ப்பும் அதிகம். தோல் பட்டதும் மில்லிநொடிகளில் பிளேடை நிறுத்தும் நுட்பத்தை அமெரிக்கரான ஸ்டீபன் காஸ் 1999இல் உருவாக்கினார். ஆனால் ஒவ்வொரு முறை அது இயங்கும்போதும் தடைப்பெட்டியும் பெரும்பாலும் பிளேடும் வீணாகும். எகிறும் மரத்தை அது நிறுத்துவதுமில்லை. தகடும் தள்ளுகட்டையும் மலிவானவை. தகடு மரம் எகிறும் காரணத்தையே தொடுகிறது, தள்ளுகட்டை கையைப் பிளேடிலிருந்து விலக்கி வைக்கிறது.

ஆபத்தான எந்திரப் பகுதிகளுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 21ஆம் பிரிவில் கூறியது. ஆனால் அந்தச் சட்டப்படி, மின்விசை உள்ள இடத்தில் 10 தொழிலாளர் இருந்தால்தான் அது பொதுவாகத் தொழிற்சாலை எனப்பட்டது. அப்பனும் மகனும் நடத்தும் பட்டறை அதற்குள் வரவில்லை. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, முழுக் கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடும் முழு ஆள்காட்டிவிரலுக்கு 14 விழுக்காடும் இழப்பு என்று வகுத்தது. முதலாளி கொடுக்க வேண்டிய தொகைக்கான கணக்கு அது. தன் ரம்பத்தில் தானே அறுப்பவருக்குக் கொடுக்க முதலாளி யாருமில்லை.