ஸ்பென்சரும் மூர் மார்க்கெட்டும்: தீக்குப் பிந்திய வரலாறு

இந்தியாவின் முதல் மால்களில் ஒன்று என்று ஸ்பென்சர் பிளாசாவைக் கொண்டாடும் எழுத்துகள் ஒரு நேர்க்கோட்டு வரலாற்றையே கட்டியெழுப்புகின்றன. 1860களில் டூரண்டும் ஸ்பென்சரும் மெட்ராஸில் கடை போட்டார்கள். 1890களில் யூஜின் ஓக்‌ஷாட் மவுண்ட் ரோட்டில் சிவப்புக் கட்டடம் எழுப்பினார். 1983இல் அது எரிந்தது. 1990களில் அதே மண்ணில் பிளாசா எழுந்தது. பீனிக்ஸ் பறவைக் கதைதான். அந்தக் கோட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார் என்பதே என் கேள்வி. ஸ்பென்சருக்கு ஊட்டியிலும் கிளை இருந்தது. தோட்டத்துத் துரைமார் ஒயினும் சுருட்டும் வாங்கிய கடை அது. பந்தலூர்ப் பக்கம் கொழுந்து பறித்தவர்களுக்கு அதில் என்ன வேலை?

ஸ்பென்சர் எரிந்த இரண்டே ஆண்டில், 1985 மே 30 அன்று, மூர் மார்க்கெட் எரிந்தது. 1900இல் திறக்கப்பட்ட அந்தச் சந்தையே ஓர் அப்புறப்படுத்தலின் விளைவுதான்: பிராட்வே நடைபாதை வியாபாரிகளை ஒரு கூரைக்குக் கீழே அடைக்க மாநகராட்சி செய்த ஏற்பாடு. ஆனால் சனங்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். கிராமபோன் தட்டு, பறவைக்கூண்டு, பழைய கடிகாரம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பழைய புத்தகம். தமிழில் தீவிரமாக வாசித்த ஒரு தலைமுறையே அங்கே பேரம் பேசித்தான் படித்தது. பல்கலைக்கழக நூலகம் இவங்களை உள்ளே விட்டிருக்குமா?

தீயை யார் வைத்தார்கள் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. தீக்குப் பிறகு நடந்ததே எனக்கு முக்கியமாகப் படுகிறது. தனியார் கம்பெனிக்கு அதன் மண்ணும் பெயரும் மிஞ்சின. சில்லறை வியாபாரிகளோ அல்லிக்குளம் வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள்; அவர்கள் நின்ற இடத்தில் ரயில்வேயின் புறநகர் முனையம் எழுந்தது. அங்கே சந்தையின் பெயர் இன்று எம்.எம்.சி. என்ற மூன்றெழுத்துச் சுருக்கம். 'மாற்றிடம் கொடுத்தாச்சே' என்பார்கள். 1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து கொண்டுவந்து, 'தாயகம் திரும்பியோர்' எனப் பெயர் சூட்டி, தேயிலைக் காட்டில் இறக்கப்பட்டவர்களுக்கு மத்தியில் வாழ்கிற எனக்கு இந்தச் சொல்லாடல் புதிதல்ல.

ஆனால் கதை இதோடு நிற்கவில்லை என்பதுதான் சுவாரஸ்யம். பிளாசாவின் கடைகள் தனித்தனி ஆட்களுக்கு விற்கப்பட்டன. எந்தக் கடை எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க ஒற்றை முதலாளி இல்லை. விளைவு, குளிரூட்டிய கூரைக்குள் ஒரு பஜாரே முளைத்தது. காஷ்மீர்ச் சால்வைக்காரர், செல்போன் ரிப்பேர், பேரம், கூப்பாடு. துரத்தப்பட்ட மூர் மார்க்கெட் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது போல.

2010இல் எக்ஸ்பிரஸ் அவென்யூவும் 2013இல் வேளச்சேரியில் பீனிக்ஸ் மாலும் திறந்தபின் வசதியுள்ளவர்கள் அங்கே போய்விட்டார்கள். அங்கெல்லாம் கடைகள் வாடகைக்குத்தான். எந்தக் கடை எங்கே என்பதை நிர்வாகம் முடிவு செய்யும். பாரிஸின் கூரையிட்ட கடைவீதிகள் மவுசு இழந்து கிடந்தபோதுதான் வால்டர் பெஞ்சமின் அவற்றைப் படிக்கத் தொடங்கினார். அந்தக் குறிப்புகள் முடியுமுன்பே 1940இல் இறந்துபோனார். பிளாசாவையும் இப்போதுதான் படிக்க வேண்டும். பத்திரிகைகள் அதன் 'வீழ்ச்சி' பற்றி எழுதுகின்றன. வீழ்ந்தது என்று சொல்வது வாடகை பார்க்கிறவன் கணக்கு. ஒரு சின்னக் கடையைச் சொந்தமாக வாங்கி, இன்னும் அங்கே ஷட்டரைத் தூக்குகிறவரிடம் யாரும் கணக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.